ஆட்டத்தைக் கேமராவிடம் கொடுத்தவர்

(குரு தத் பிறந்த நூற்றாண்டை ஒட்டித் திரைப்பட ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குரு தத் என்றதும் நம் நினைவில் எழுவது ஒரு சோகமான முகம். உலகம் மதிக்காத கவிஞன், தோற்றுப்போன சினிமா இயக்குநர், 39 வயதில் இறந்துபோன மனிதர். அந்த முகத்தைச் சற்று நேரம் ஒதுக்கிவைக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் பேச வந்தது சினிமாவுக்குள் நடனக்காரராக நுழைந்த ஓர் இளைஞரைப் பற்றி. அவர் கடைசிவரை நடனக்காரராகவே இருந்தார் என்பது என் கட்சி. தன் உடம்பில் இருந்த ஆட்டத்தை எடுத்துக் கேமராவிடமும் விளக்கிடமும் கொடுத்துவிட்டார். ஒரு நடனக்காரர் செய்திருப்பதாக எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் அவருடைய படங்களில் பல இடங்கள் எனக்கு விளங்குகின்றன.

1925 ஜூலை 9 அன்று பெங்களூரில் பிறந்தவர். வசந்த் குமார் சிவசங்கர் படுகோன் என்பது முழுப்பெயர். கொங்கணி பேசும் குடும்பம், வசதி குறைவு, வளர்ந்தது கல்கத்தாவில். பி. பி. பெனகல் என்ற தாய்வழி உறவினர் அங்கே சினிமா விளம்பரங்கள் வரையும் ஓவியர். மனித உடலைப் பாம்பு சுற்றியிருப்பதாக அவர் வரைந்த ஒரு படத்தைப் பார்த்து, அந்தப் பையன் தானாக ஒரு பாம்பு நடனம் அமைத்து ஆடினான். இந்த இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதல் நடனமே ஒரு சட்டத்துக்குள் அடங்கிய படத்திலிருந்து பிறந்திருக்கிறது. அசையாத ஓவியத்தில் அசைவைக் கண்ட கண் அது.

அந்தக் கண்தான் அவரை அல்மோராவுக்குக் கொண்டுபோனது. இமயமலை அடிவாரத்தில் உதய் சங்கர் நடத்திய கலை மையம் அது. நடனம் கற்பிக்கும் இடம் என்று மட்டும் சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். பரதநாட்டியத்துக்கு பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை, கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான் என்று அந்த மையத்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கே கூடியிருந்த ஆசிரியர்களை எண்ணிப் பாருங்கள். இத்தனை மரபுகளும் இருக்க, உதய் சங்கர் எடுத்த வகுப்பில் மாணவர்கள் நடக்கப் பழகினார்கள். வெறும் நடை. எப்படிக் கால் எடுத்து வைப்பது, எங்கே எடையை மாற்றுவது, எங்கே நிற்பது, நின்ற பிறகு உடம்பில் என்ன மிஞ்சுகிறது. பிறகு கண்டதைக் கவனித்துத் தாமே அசைவு உண்டாக்க வேண்டும். அடவுகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கு அங்கே முதலிடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1941இல் அந்த மையம் ராமாயணத்தை நிழலாட்டமாக நடத்தியது. பெரிய திரைக்குப் பின்னால் நடனக்காரர்கள், பின்னிருந்து விளக்கு, திறந்த வெளியில் மலைமக்கள் கூட்டம். முகம் தெரியாது, உடையின் நிறம் தெரியாது. உருவத்தின் விளிம்பு மட்டுமே கதை சொல்லும். நிழல் என்றால் என்ன செய்யும் என்பதை ஆராய்ந்த பள்ளி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போர்க்காலத்தில் பணம் வற்றி 1944இல் மையம் மூடப்பட்டது. இங்கே ஒரு கிளைக்கதை. நம் ஊர் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அல்மோராவை மூடிய உதய் சங்கர் சென்னைக்கு வந்தார். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' என்ற படத்தை எடுத்தார். கேமரா கே. ராம்நாத், பின்னாளில் 'ஏழை படும் பாடு' இயக்கிய அதே ராம்நாத். லலிதா, பத்மினி சகோதரிகள் அதில் ஆடினார்கள். 1948இல் வெளிவந்து வசூலில் தோற்ற அந்தப் படம், புதுப்பிக்கப்பட்டு 2012இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. குருவான உதய் சங்கர் அப்படி நடனத்தைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார். சீடர் அதைக் கேமராவுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

சீடர் அப்போது பூனாவில் இருந்தார். கல்கத்தாவில் லீவர் பிரதர்ஸ் நிறுவனத்தில் கொஞ்ச காலம் தொலைபேசி இயக்குபவராக வேலை பார்த்துவிட்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் பிரபாத் ஃபிலிம் கம்பெனியில் சேர்ந்தார். பிரபாத்தின் பெரிய காலம் முடிந்துபோயிருந்த நேரம். நடனம் அமைக்க வந்தவருக்கு எல்லா வேலையும் கொடுத்தார்கள்: உதவி இயக்கம், சின்ன வேடம், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது. 1946இல் வந்த 'ஹம் ஏக் ஹைன்' படத்துக்கு நடன அமைப்பு குரு தத். அதில் அறிமுகமான நாயகன் தேவ் ஆனந்த். சலவைக்காரர் சட்டையை மாற்றிக் கொடுத்ததால் இருவரும் நண்பர்கள் ஆனார்கள் என்பது பம்பாய் சினிமா உலகம் அலுக்காமல் சொல்லும் கதை. நான் படம் தயாரித்தால் நீ இயக்கு, நீ இயக்கினால் நான் நாயகன் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் குரு தத்துக்கு மாதக்கணக்கில் வேலை இல்லை. மாட்டுங்காவில் வீட்டோடு இருந்த அந்த நாட்களில் எழுதிய கதைதான் பத்தாண்டு கழித்து 'பியாசா' ஆனது. பிறகு அமிய சக்ரவர்த்தி, கியான் முகர்ஜி ஆகியோரிடம் உதவி இயக்குநர்.

தேவ் ஆனந்த் வாக்கைக் காப்பாற்றினார். 1951இல் அவருடைய நவ்கேதன் நிறுவனம் தயாரித்த 'பாஜி' குரு தத் இயக்கிய முதல் படம். கதை வசனம் பல்ராஜ் சாஹ்னி. நடனம் அமைத்தவர் ஜோஹ்ரா சைகல், அல்மோராவில் ஆசிரியராக இருந்தவர். தன் முதல் படத்தில் தன் பள்ளியையே பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். கதை சாதாரணமான சூதாட்ட விடுதிக் கதைதான். ஆனால் கீதா பாலி விடுதியில் ஆடும் ஒரு பாட்டைப் பாருங்கள். நாயகனைக் கொல்ல ஓர் ஆள் வந்திருக்கிறான். அதை அவனுக்குச் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. அவள் ஆடிக்கொண்டே எச்சரிக்கிறாள். கையசைவு கூட்டத்துக்கு அபிநயம், நாயகனுக்குத் தகவல். அந்தப் பாட்டை வெட்டி எறிந்தால் கதை நின்றுபோகும். இந்திப் படத்தில் நடனம் என்றால் கதைக்கு இடையில் ஒரு ஓய்வு என்றிருந்த காலத்தில், முதல் படத்திலேயே ஆட்டத்தின் கையில் கதையைக் கொடுத்தார்.

இன்னொரு விஷயம் க்ளோசப். 100 மி.மீ. வரை நீண்ட லென்ஸ்களைப் போட்டு முகத்துக்கு மிக நெருங்கிப் போனார். அப்படிப்பட்ட ஷாட்டுக்குச் சினிமாக்காரர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆடத் தெரிந்தவர் முழு உடம்பையும் காட்டத்தானே ஆசைப்படுவார் என்று கேட்கலாம். ஆட்டத்தின் பெரும்பங்கு கண்ணிலும் கழுத்திலும் நடக்கிறது என்பது பரதமும் கதகளியும் சூழ வளர்ந்தவருக்குத் தெரியாதா?

'பாஜி'யில்தான் வி. கே. மூர்த்தி வந்து சேர்ந்தார். மைசூர்க்காரர். வயலின் வாசிப்பவர். கேமராமேனுக்கு உதவியாளராக இருந்து, ஒரு பாட்டில் நகரும் கேமராவில் சிக்கலான ஒரு ஷாட்டைச் செய்து காட்டினார். அடுத்த படமான 'ஜால்' (1952) முதல் குரு தத்தின் கேமரா அவரிடம். ஒருவர் நடனம் பயின்றவர், மற்றவர் இசை பயின்றவர். ட்ராலி எந்தத் தாளத்தில் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை இவர்கள் பேசித் தீர்த்திருக்கவே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்த படங்களில் 'ஆர் பார்' (1954), 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' (1955) இரண்டையும் லேசான படங்கள் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 'ஆர் பாரி'ல் ஒரு கார்ப் பட்டறை. மெக்கானிக்காகக் குரு தத், எதிரே ஷியாமா. நடுவில் ஒரு பழைய கார். காதல் பாட்டு முழுவதும் அந்தக் காரைச் சுற்றி, கதவு திறந்து மூடி, ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் மற்றவர் அந்தப் பக்கம் போவதாக நடக்கிறது. யாரும் நடனம் ஆடவில்லை; எல்லாமே நடனமாக இருக்கிறது. முன்னிசை முழங்கி, நாயகி கண்ணை மூடி, பிறகு பாட்டு ஆரம்பிக்கும் வழக்கத்தையும் அவர் பல இடங்களில் உடைத்தார். பேசிக்கொண்டே இருப்பவர் மூச்சு விடாமல் பாட்டுக்குள் போய்விடுவார். அதுவும் அந்தப் பாத்திரம் பேசும் பாஷையிலேயே. 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55'இல் ஜானி வாக்கர் அலுவலக மேசைகளுக்கு இடையே பாடும் காட்சியைப் பாருங்கள். மேசையும் நாற்காலியும்கூட ஆட்டத்தில் சேர்ந்துகொள்கின்றன.

நம் ஊர்ப் படப்பிடிப்பை அறிந்தவர்களுக்குத் தெரியும். பாட்டு எடுக்கும் நாளில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மைக்கைப் பிடித்து ஷாட் பிரிப்பதும் 'கட்' சொல்வதும் டான்ஸ் மாஸ்டர். பல நல்ல மாஸ்டர்கள் அதனால்தான் இயக்குநராகவும் ஆக முடிந்தது. 1971இல் 'அன்னை வேளாங்கண்ணி'யை இயக்கிய தங்கப்பன் மாஸ்டரை இங்கே மரியாதையோடு நினைக்கிறேன். குரு தத் தன் படங்களில் நடன அமைப்பாளர்களை வைத்துக்கொண்டார், ஆனால் பாட்டை எப்படிப் படமாக்குவது என்பதை மட்டும் ஒருபோதும் பிறரிடம் விட்டதில்லை.

இப்போது வஹீதா ரெஹ்மானுக்கு வருவோம். செங்கல்பட்டில் பிறந்தவர்; பரதநாட்டியம் முறையாகக் கற்றவர். 1955இல் வந்த 'ரோஜுலு மாராயி' தெலுங்குப் படத்தில் அவர் ஆடிய ஒரே ஒரு நடனம் ஆந்திரத்தைப் பித்துப்பிடிக்க வைத்தது. தமிழில் 'காலம் மாறிப்போச்சு', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகியவற்றிலும் ஆடினார். ஹைதராபாத் வந்திருந்த குரு தத் இந்தப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பம்பாய்க்கு அழைத்தார். தன் தயாரிப்பான 'சி.ஐ.டி.'யில் (1956) சின்ன வேடம், அடுத்து 'பியாசா'வில் (1957) குலாபோ.

ஆட்டத்துக்காகவே பேர்பெற்ற ஒரு பெண்ணை அழைத்துவந்து 'பியாசா'வில் என்ன செய்ய வைத்தார்? நடக்க வைத்தார். கல்கத்தாவில் ஓர் இரவு. தெருவில் நிற்கும் குலாபோ, தன்னைத் தேடி வந்த வாடிக்கையாளன் என்று கவிஞன் விஜயை நினைத்துக்கொண்டு, பாடியபடியே அவனைத் தன் இடத்துக்கு இழுத்துப் போகிறாள். அவள் பாடுவது அவன் எழுதிய கவிதை. அதற்காகவே அவன் பின்தொடர்கிறான். தூணுக்குப் பின்னால் மறைகிறாள், தோளைத் திருப்புகிறாள், நிற்கிறாள், பார்க்கிறாள், மறுபடி நடக்கிறாள். ஓர் அடவுகூடக் கிடையாது. கேமரா அவளோடு நகர்ந்து, அவள் நின்றால் அரைக்கணம் தாமதித்து நிற்கிறது. அல்மோராவில் உதய் சங்கர் எடுத்த நடை வகுப்பு இங்கே தொடர்வதாகவே நான் பார்க்கிறேன். நடனம் தெரியாத நடிகை இதைச் செய்திருக்க முடியாது. தோள் திரும்பும் வேகத்தில் ஓர் இழை கூடினால் விரசம், குறைந்தால் வெறும் நடை. வஹீதா அந்த இழையைப் பிடித்துக்கொண்டு பாட்டு முழுதும் போகிறார். அவருடைய முழு ஆட்டத்தை நாடு பார்க்க 1965இல் விஜய் ஆனந்தின் 'கைடு' வரவேண்டியிருந்தது. இரண்டில் எது அரிது என்று கேட்டால் நான் 'பியாசா' நடையைத்தான் சொல்வேன்.

விஜய் வேடத்துக்கு முதலில் திலீப் குமாரைத்தான் கேட்டிருந்தார்கள். அவர் வராததால் குரு தத்தே நடித்தார். பெரிய நடிகர் என்று அவரைச் சொல்ல மாட்டேன்; வசனத்தில் ஒரே சுரம். ஆனால் நிற்கத் தெரிந்தவர். இறந்துவிட்டதாக உலகம் நம்பும் கவிஞன் தன் நினைவுக் கூட்டத்துக்கே வந்து, மண்டபத்தின் வாசலில் நிற்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம். இரு கைகளும் கதவுச் சட்டத்தில் விரிந்திருக்கின்றன. சிலுவை என்று எல்லோரும் எழுதினார்கள். இருக்கலாம். நான் பார்ப்பது நிழலாட்டத் திரையை. முகம் இருட்டு, உருவத்தின் விளிம்பு மட்டும் வெளிச்சம், அந்த விளிம்பே கதை சொல்கிறது.

'காகஸ் கே ஃபூல்' (1959) இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அகன்ற திரை கிடைத்ததும் மற்றவர்களாக இருந்தால் அதைக் கூட்டத்தால் நிரப்பியிருப்பார்கள். இவர் ஆளில்லாத ஒரு ஸ்டுடியோவில் இரண்டு பேரை நிறுத்தினார். இயக்குநர் சுரேஷும் நடிகை சாந்தியும். சேர முடியாதவர்கள். பாட்டு ஒலிக்கிறது, கீதா தத்தின் குரல். இருவருமே வாயசைப்பதில்லை. மேலிருந்து சாய்வாக ஒரு பெரிய ஒளிக்கற்றை விழுகிறது. மூர்த்தி அதற்காக வெயிலையே பயன்படுத்தினார்: ஸ்டுடியோவுக்கு வெளியே ஒரு கண்ணாடி சூரியனைப் பிடித்து உள்ளே அனுப்ப, உள்ளே உயரத்தில் இன்னொரு கண்ணாடி அதை வாங்கிக் கீழே திருப்பியது. விளக்கால் அந்த நேர்க்கோடு கிடைக்காது. இருவரும் அசையாமல் நிற்க, அவர்களிடமிருந்து இன்னொரு உருவம் பிரிந்து அந்த ஒளிக்குள் நடந்து சேர்கிறது. கேமரா விலகுகிறது, நெருங்குகிறது, மறுபடி விலகுகிறது. நெருங்குதலும் விலகுதலும்தானே இருவர் ஆடும் எந்த ஆட்டத்துக்கும் அடிப்படை. அந்த இரண்டையும் பாத்திரங்களிடமிருந்து எடுத்துக் கேமராவிடம் ஒப்படைத்த பாட்டு இது. ஆடுபவர்கள் முற்றிலும் நின்றுவிட்ட நடனம். இந்திய சினிமாவில் இதற்கு இணையாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

படம் ஓடவில்லை. அடி பலமாக விழுந்தது. அதற்குப் பிறகு இயக்கம் என்று தன் பெயரை அவர் எந்தப் படத்திலும் போட்டுக்கொள்ளவில்லை. 1960இல் எம். சாதிக் இயக்கிய 'சௌத்வீன் கா சாந்த்' பெரிய வெற்றி பெற்று, குரு தத்தின் தயாரிப்புக் கம்பெனியைக் காப்பாற்றியது.

குடும்ப வாழ்க்கையைப் பற்றியும் 1964 அக்டோபர் 10 அன்று அவர் இறந்த விதத்தைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். அவர் மனைவி கீதா தத் எவ்வளவு பெரிய பாடகி என்பதைக்கூட மறக்கடிக்கும் அளவுக்கு எழுதியாகிவிட்டது. குரு தத்தின் ஒவ்வொரு ஷாட்டையும் அந்த மரணத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பது அநியாயம் என்று உறுதியாக நம்புகிறேன். கார்ப் பட்டறையில் அவ்வளவு குதூகலமாகக் காரைச் சுற்றிய மனிதரை அந்தப் படிப்பு கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.

கடைசியாக 'சாஹிப் பீபி அவுர் குலாம்' (1962). விமல் மித்ராவின் வங்க நாவல். இயக்கம் அப்ரார் ஆல்வி; இத்தனை நாளும் குரு தத்துக்கு வசனம் எழுதியவர். படத்தின் பாடல் காட்சிகளைக் குரு தத்தே எடுத்தார் என்று ஆல்வி பின்னாளில் சொன்னார். இயக்குநர் பட்டத்தைத் துறந்தவருக்குப் பாட்டை மட்டும் துறக்க முடியவில்லை. பதினெட்டு ஆண்டுக்கு முன் பிரபாத்தில் நுழைந்தபோது என்ன வேலையோ, அதே வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அதில் ஒரு ஜமீன் மாளிகைக் கச்சேரி. நடுவில் மினு மும்தாஜ் ஆடுகிறார், முழு வெளிச்சத்தில். சுற்றிலும் குழு நடனப் பெண்கள். அவர்கள் எல்லோரும் பாட்டு முழுவதும் நிழலில். உடை தெரியும், கை வளைவு தெரியும், முகம் ஒன்றுகூடத் தெரியாது. குழுவில் இருந்தவர்களின் தோற்றம் திருப்தியாக இல்லாததால் இப்படிச் செய்தார் என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் காரணம் எனக்கு உறுத்துகிறது. எந்த ஊர் சினிமாவிலும் குழு நடனக்காரர்கள் பேர் இல்லாதவர்கள். டைட்டிலில் வருவதும் அபூர்வம். இங்கே முகமும் போய்விட்டது. ஒரு நடனக்காரர் சக நடனக்காரர்களுக்கு இதைச் செய்யலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த மாளிகையில், அந்த ஜமீன்தார்களின் கண்ணில், அந்தப் பெண்களுக்கு முகம் இருந்ததா? இல்லை. கதையின் கொடுமையை வசனத்தில் சொல்லாமல் விளக்கை நகர்த்தியே சொல்லிவிட்டார். அல்மோராவின் நிழல்திரை இருபது ஆண்டு கழித்து இப்படி வந்து நிற்கிறது.

நான் பேசியதைவிட அந்தக் காட்சி நன்றாகப் பேசும். இப்போது அதைத் திரையிடப் போகிறார்கள். முதல் தடவை மினு மும்தாஜைப் பாருங்கள், அதைத் தவிர்க்க முடியாது. உடனே இரண்டாம் தடவையும் போடும்படி கேட்டிருக்கிறேன். அப்போது அவரை விட்டுவிட்டு, பின்னால் இருட்டில் ஆடுபவர்களில் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பாட்டு முடியும்வரை அவரையே பாருங்கள். பார்த்த பிறகு பேசுவோம்.